இலவச பைத்தான் கணக்கு சாஃப்ட்வேர்: கடை கம்ப்யூட்டரில் நிறுவி இயக்கும் முறை

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். எழுதிய கணக்கும் எடுத்துப் பார்க்க முடியாமல் போனால் அதே கதிதான். கீழமாசி வீதி மொத்தக் கடையானாலும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மளிகைக் கடையானாலும், நமது முதலில் ஒரு பெரும் பகுதி கல்லாவிலோ கிடங்கிலோ இல்லை. வெளியில் கடனாக நிற்கிறது. அந்தக் கடனுக்கு இருக்கும் ஒரே சாட்சி நமது பேரேடு. அந்தப் பேரேட்டை ஒரு விலை கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேருக்குள் வைத்துவிட்டு, சந்தா முடிந்த பின்பு பழைய கணக்கைத் திறக்க முடியாமல் தவிப்பதும், பழைய கம்ப்யூட்டர் நின்று போய்க் கணக்கும் அதோடு போவதும் நம் தொழிலில் புதிதல்ல.

இதற்கு ஒரு மாற்று வழியாக, காசு கொடுக்காமல் பெறக்கூடிய பைத்தான் வகைக் கணக்கு சாஃப்ட்வேர் ஒன்றை விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் எப்படி நிறுவுவது, எப்படி இயக்குவது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

பைத்தான் என்றால் என்ன?

பைத்தான் என்பது கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் ஒரு மொழி. நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் இதை உருவாக்கி 1991 இல் வெளியிட்டார். இந்த மொழியில் எழுதிய சாஃப்ட்வேர், பைத்தான் என்ற அடிப்படைச் சாஃப்ட்வேர் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரிலும் பெரும்பாலும் மாற்றமின்றி ஓடும். மாவு மில்லுக்கு உவமை சொல்லலாம். மில் ஒன்று இருந்தால் கேழ்வரகும் அரைக்கலாம், மிளகாயும் அரைக்கலாம். பைத்தான் என்பது மில். நமக்கு வேண்டிய கணக்கு சாஃப்ட்வேர் அதில் போடும் சரக்கு. ஆகவே முதலில் மில்லை நிறுத்த வேண்டும், பிறகுதான் சரக்கு.

இந்தியாவிலேயே இந்த வழியில் வேலை நடந்திருக்கிறது. க்னூகாத்தா என்ற கணக்கு சாஃப்ட்வேர் பைத்தானில் எழுதப்பட்டது. இந்திய வணிகர்களை மனதில் வைத்து, ஜி.எஸ்.டி. கணக்கையும் சேர்த்துச் செய்யப்பட்டது. இந்த முயற்சிக்குத் தலைமை ஏற்ற கிருஷ்ணகாந்த் மானே கண் பார்வை இல்லாதவர் என்பது குறிப்பிடத்தக்கது. அதேபோல் மும்பையில் பிறந்த ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்பதும் பைத்தானில் எழுதியதுதான். பெங்களூரின் ஜெரோதா போன்ற பெரிய நிறுவனம் அதைப் பயன்படுத்துகிறது. ஆனால் இவை தரவுக் களஞ்சியம், சர்வர் என்று பல உறுப்புகள் சேர்ந்தவை. ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் லினக்ஸில்தான் இயல்பாக ஓடும். விண்டோஸில் ஓட்ட இன்னொரு சாஃப்ட்வேரின் துணை தேவை. பல கிளைகள், பத்துப் பதினைந்து ஆட்கள் கணக்கு எழுதும் மொத்த வியாபாரிக்கு அது பொருந்தும். இரண்டு பேர் நடத்தும் மளிகைக் கடைக்கு அது சைக்கிள் போகும் சந்தில் லாரி ஓட்டுவது போல.

நாம் எடுத்துக்கொள்ளும் சாஃப்ட்வேர்

சிறிய கடைக்கு ஏற்றதாக பீன்கவுண்ட், ஃபாவா என்ற இரட்டையரை எடுத்துக்கொள்வோம். பீன்கவுண்டை உருவாக்கியவர் மார்ட்டின் பிளே. அது கணக்குப் போடும். ஃபாவா அந்தக் கணக்கை பிரவுசரில் பேரேடாகவும் ஐந்தொகையாகவும் காட்டும். ஃபாவா என்பது மொச்சை போன்ற ஒரு பயறின் பெயர். மளிகைக்காரருக்கு மறக்காத பெயர்தான்!

இதன் சிறப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். நமது கணக்கு முழுவதும் சாதாரண எழுத்து ஃபைலாகவே இருக்கும். நோட்பேடில் திறந்தாலும் படிக்கலாம், அச்சடித்தாலும் படிக்கலாம். நாளைக்கே இந்த சாஃப்ட்வேர் உலகத்தில் இல்லாமல் போனாலும் கணக்கு நம் கையில் இருக்கும்.

எந்தக் கம்ப்யூட்டரில் ஓடும்?

விண்டோஸ் 7 வைத்திருப்போர் கவனிக்கவும். அதற்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2020 ஜனவரி 14 ஆம் தேதியோடு முடிந்தது. அதில் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8. இன்றைய ஃபாவா அதைவிடப் புதிய பைத்தானைக் கேட்கும். எனவே அந்தக் கம்ப்யூட்டரில் மல்லுக்கட்ட வேண்டாம். அதையே லினக்ஸ் கம்ப்யூட்டராக மாற்றிவிடலாம். விண்டோஸ் 10 இல் பைத்தான் நன்றாக ஓடும். ஆனால் அதற்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 ஆம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இல் தடையில்லை.

லினக்ஸ் என்றதும் பயப்பட வேண்டியதில்லை. டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்ற பெயர்களில் வருபவை எல்லாம் இலவசம். சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்ற இந்திய லினக்ஸை 2007 இல் வெளியிட்டது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. அந்த மடிக்கணினி இன்றும் வீட்டுப் பரணில் கிடந்தால் தூசி தட்டிப் பார்க்கலாம். அதிலுள்ள பழைய பாஸ் பதிப்பை அப்படியே நம்பாமல், புதிய லினக்ஸ் பதிப்பு ஒன்றை ஏற்றிக்கொள்ள வேண்டும். 64 பிட் வகைக் கம்ப்யூட்டராக இருப்பது அவசியம்.

நிறுவும் படிகள்

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறோம். கம்ப்யூட்டரில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். சொல்லுக்குச் சொல் ஓர் இடம் விட வேண்டும்.

படி 1: பைத்தானைப் பெறுதல். விண்டோஸிலும் மேக்கிலும் பைத்தான் டாட் ஆர்க் என்ற அதிகாரத் தளத்திலிருந்து மட்டும் இறக்கவும். தேடும்போது முதலில் வரும் விளம்பரத்தைத் தொட வேண்டாம். விண்டோஸில் நிறுவும் முதல் திரையில், பாத்தில் சேர்க்கவா என்று கேட்கும் சிறு கட்டம் இருந்தால் அதில் குறியிடவும். இந்த ஒரு குறியை விட்டுவிட்டுத்தான் பலர் பின்னால் அவதிப்படுகிறார்கள். லினக்ஸில் பைத்தான் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். பைத்தான்3-வென்வ் என்ற துணைப் பொதியை மட்டும் ஆப்ட் வழியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

படி 2: இருக்கிறதா என்று பார்த்தல். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பி, ஒய் என்ற இரண்டு எழுத்தைத் தட்டி என்டர் கொடுக்கவும். லினக்ஸிலும் மேக்கிலும் டெர்மினலைத் திறந்து பைத்தான்3 என்று தட்டவும். பதிப்பு எண்ணும் மூன்று அம்புக் குறிகளும் வந்தால் மில் ஓடுகிறது. எக்ஸிட் என்று தட்டி, அதை ஒட்டித் திறந்து மூடும் அடைப்புக்குறி இரண்டையும் போட்டு வெளியே வரவும். விண்டோஸில் பைத்தான் என்று முழுச் சொல்லைத் தட்டும்போது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்தால் பதற வேண்டாம். பைத்தான் இன்னும் நிறுவப்படவில்லை, அல்லது பாத்தில் சேரவில்லை என்பதே அதன் பொருள்.

படி 3: தனி அறை அமைத்தல். கணக்குக்கு என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதற்குள் செல்லவும். அங்கே விண்டோஸில் பி-ஒய், கழித்தல் குறியோடு எம், வென்வ், அறை என்ற நான்கையும் தட்டவும். மற்ற இரண்டிலும் பி-ஒய்க்குப் பதில் பைத்தான்3. கடைசிச் சொல்லான அறை என்பது நாம் வைக்கும் பெயர். ஆங்கில எழுத்தில் எதையும் வைக்கலாம். மிளகாய் மூட்டையையும் டீத்தூளையும் ஒரே அறையில் அடுக்கினால் வாடை ஏறும் அல்லவா? அதுபோல ஒரு சாஃப்ட்வேரின் உறுப்புகள் இன்னொன்றைக் கெடுக்காமல் இருக்கவே இந்தத் தனி அறை. 2023 இல் வந்த டெபியன் 12 முதற்கொண்டு, அறை இல்லாமல் நிறுவ முயன்றால் லினக்ஸே மறுத்துவிடும்.

படி 4: அறைக்குள் நுழைதல். மூன்று முறைகளும் வேறுபடும் இடம் இதுதான். விண்டோஸில் அறையின் பெயர், பின்சாய்வுக் கோடு, ஸ்கிரிப்ட்ஸ், பின்சாய்வுக் கோடு, ஆக்டிவேட் என்று இடைவெளி இல்லாமல் தட்ட வேண்டும். லினக்ஸிலும் மேக்கிலும் சோர்ஸ் என்று தட்டி, இடம் விட்டு, அறையின் பெயர், முன்சாய்வுக் கோடு, பின், முன்சாய்வுக் கோடு, ஆக்டிவேட் என்று சேர்த்துத் தட்ட வேண்டும். வரியின் தொடக்கத்தில் அறையின் பெயர் அடைப்புக்குறிக்குள் தோன்றினால் நாம் உள்ளே இருக்கிறோம். விண்டோஸில் பவர்ஷெல் என்ற நீலத் திரை இந்தக் கட்டளையை மறுக்கக்கூடும். கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்டே போதும்.

படி 5: சாஃப்ட்வேரை வரவழைத்தல். பிப், இன்ஸ்டால், ஃபாவா என்ற மூன்று சொல் போதும். ஃபாவாவோடு பீன்கவுண்டும் தானே வந்து சேரும். இந்த இடத்தில் எழுத்துப் பிழை கூடவே கூடாது. புகழ் பெற்ற சாஃப்ட்வேர்களின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, கெட்ட எண்ணத்தோடு பொருள் வைப்போர் இந்தப் பொதுக் கிடங்கிலும் இருக்கிறார்கள். போலிச் சரக்கு எந்தச் சந்தையிலும் உண்டு.

படி 6: இயக்குதல். ஃபாவா என்று தட்டி, இடம் விட்டு, கணக்கு ஃபைலின் பெயரைத் தட்டவும். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டி, முக்காற்புள்ளி போட்டு, 5000 என்று கொடுத்தால் பேரேடு தெரியும். மேக்கில் ஏர்ப்ளே வசதி அந்த 5000 ஆம் வாசலைப் பிடித்துக்கொண்டிருப்பது உண்டு. அப்போது கழித்தல் குறியோடு பி, இடம் விட்டு 5001 என்று கட்டளையில் சேர்த்து, பிரவுசரிலும் 5001 என்றே தட்டினால் வழி திறக்கும். மறுநாள் கடை திறந்ததும் 4 ஆம் படியும் 6 ஆம் படியும் மட்டும் செய்தால் போதும். இதற்கு இன்டர்நெட் தேவையில்லை.

ஒரு நாள் கணக்கு

ஒரு மளிகைக் கடையின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். வரி விவரத்தை எளிமைக்காக விட்டுவிடுகிறோம். காலையில் கல்லாவில் முதல் ரூ. 5,000. மொத்த வியாபாரியிடம் கடனுக்கு எடுத்த சரக்கு ரூ. 14,000. ரொக்க விற்பனை ரூ. 8,600. யு.பி.ஐ. மூலம் வங்கிக்கு வந்த விற்பனை ரூ. 3,400. கடன் விற்பனை ரூ. 1,250. கடைச் செலவு ரூ. 450. மொத்த வியாபாரிக்கு ரொக்கமாகக் கொடுத்தது ரூ. 4,000.

ஒவ்வொரு நடவடிக்கையும் குறைந்தது இரண்டு இடத்தில் எழுதப்படும். நாம் அறிந்த பற்று வரவுதான். ஒரு பக்கம் கூட்டல், மறுபக்கம் கழித்தல். இரண்டும் சேர்ந்து பூஜ்யம் ஆக வேண்டும். ஆகாவிட்டால் சாஃப்ட்வேர் பிழை என்று காட்டும். தலைப்புகள் ஐந்து: அசெட்ஸ் என்பது நம் உடைமை, லயபிலிட்டீஸ் என்பது நாம் தர வேண்டியது, ஈக்விட்டி என்பது நமது முதல், இன்கம் என்பது வருமானம், எக்ஸ்பென்சஸ் என்பது செலவு. இவற்றை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கி எழுத வேண்டும். நடவடிக்கையின் விவரத்தைத் தமிழிலேயே எழுதலாம். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முதலில் எழுதி, அதன் கீழ் வரும் தொகை வரிகளைச் சற்று உள்ளே தள்ளி எழுத வேண்டும்.

இரவு ஃபாவா காட்டும் நிலை இது. கல்லா: 5,000 உடன் 8,600 கூட்டி, 450 உம் 4,000 உம் கழிக்க ரூ. 9,150. வங்கி ரூ. 3,400. வாடிக்கையாளர் தர வேண்டியது ரூ. 1,250. ஆக உடைமை ரூ. 13,800. மொத்த வியாபாரிக்கு நாம் தர வேண்டியது ரூ. 10,000. விற்பனை மொத்தம் ரூ. 13,250. கொள்முதலும் செலவும் சேர்ந்து ரூ. 14,450. உடைமையும் செலவும் கூட்டினால் ரூ. 28,250. கடன், முதல், விற்பனை மூன்றையும் கூட்டினாலும் ரூ. 28,250. ஐந்தொகை நேராகிவிட்டது. விற்காமல் நிற்கும் சரக்கு இதில் வராது. அதை எண்ணி இருப்புக் கணக்கில் எடுத்த பிறகே லாபம் பேச வேண்டும்.

இதில் மிகவும் பயனுள்ள வசதி, பேலன்ஸ் என்ற ஒரு வரி. இரவு கல்லாவை எண்ணி, வந்த தொகையை அந்த வரியில் எழுதுகிறோம். எண்ணியது ரூ. 9,050 என்றால் ரூ. 100 வித்தியாசம் என்று உடனே பிழை காட்டும். சில்லறை தவறியதா, எழுதாத செலவா என்று அன்றைக்கே தேடிவிடலாம். மாதக் கடைசியில் ரூ. 3,000 எங்கே போயிற்று என்று கடைப் பையனைச் சந்தேகித்து, நல்ல ஆளை இழக்கும் நிலை வராது. ஒன்றை மறக்கக் கூடாது. பேலன்ஸ் வரி அந்தத் தேதியின் தொடக்கத்தில் உள்ள இருப்பைத்தான் சோதிக்கும். ஆகவே இன்று இரவு எண்ணியதை நாளைய தேதி போட்டு எழுத வேண்டும்.

தமிழ் எழுத்து பற்றி

நம்மில் பலர் பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பழகியவர்கள். அந்த எழுத்துருவில் அடித்தது இங்கே குப்பை எழுத்தாகத் தெரியும். யூனிகோட் தமிழே வேண்டும். தமிழக அரசும் 2010 இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நோட்பேடில் சேமிக்கும்போது யு.டி.எஃப்-8 என்ற வகையில் சேமிக்கவும்.

சட்டம் கேட்பது என்ன?

ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள் கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டத்தின் 36 ஆம் பிரிவு. விதி 56, கணக்கில் எழுதியதை அழிக்கக் கூடாது என்றும், கம்ப்யூட்டரில் கணக்கு வைத்தால் திருத்திய, நீக்கிய பதிவு ஒவ்வொன்றுக்கும் குறிப்பு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. விபத்தில் அழிந்தாலும் மீட்கும்படி நகல் இருக்க வேண்டும் என்பது விதி 57.

இங்கே நாம் தெளிவாக இருக்க வேண்டும். நமது எழுத்து ஃபைலில் யார் வேண்டுமானாலும் பழைய தொகையை மாற்றலாம். மாற்றிய சுவடு அதில் தானாக நிற்காது. கிட் என்ற இன்னொரு இலவச சாஃப்ட்வேரைச் சேர்த்து, தினமும் அதில் பதிந்து வந்தால், எந்த வரி எப்போது மாறியது என்ற வரலாறு நிற்கும். மேலும் இந்த சாஃப்ட்வேர் பில் போடாது; ரிட்டர்ன் தாக்கல் செய்யாது. ஆகவே வரிக்கான பில்லும் பதிவேடும் இப்போது இருக்கும் முறையிலேயே நடக்கட்டும். கல்லா, கடன் சிட்டை, மொத்த வியாபாரி நிலுவை ஆகிய மூன்றுக்கு மட்டும் இதைத் தொடங்கலாம். அதற்கு மேல் கொண்டுபோவதற்கு முன் உங்கள் ஆடிட்டரைக் கலந்துகொள்ளவும்.

கவனத்தில் வைக்க வேண்டியவை

1. முதல் மூன்று மாதம் பழைய நோட்டையும் விடாமல் எழுதவும். இரண்டும் மாதம் தவறாமல் ஒத்துப் போன பிறகே நோட்டை நிறுத்துவது பற்றி யோசிக்கலாம்.

2. தினமும் ஃபைலை இரண்டு பென் டிரைவில் நகல் எடுக்கவும். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். கம்ப்யூட்டரிலேயே இன்னொரு ஃபோல்டரில் வைப்பது நகல் ஆகாது. கடையில் தீப்பிடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

3. ஃபாவாவுக்குக் கடவுச்சொல் கிடையாது. அது அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் மட்டும் தெரியும்படியே இருக்கட்டும். கடை வைஃபையில் எல்லோரும் பார்க்கும்படி திறந்துவிட்டால், யார் எவ்வளவு பாக்கி என்பது ஊருக்கே தெரிந்துவிடும். வாடிக்கையாளர் மானம் நம் பொறுப்பு.

4. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, தீபாவளி, பொங்கல் விற்பனை நேரத்தில் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டாம். மாற்றும் முன் நகல் எடுக்கவும்.

5. நிறுவிக் கொடுத்தவரே கணக்கையும் எழுதட்டும் என்று விட்டுவிட வேண்டாம். கடை முதலாளிக்கு ஐந்தொகையைத் திறந்து பார்க்கவாவது தெரிந்திருக்க வேண்டும்.

இலவசம் என்பதால் இதற்கு விலையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பணமாகக் கொடுக்காததை நேரமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நிறுவ ஒரு பிற்பகல், பழக ஒரு மாதம், தினமும் கடை அடைத்த பின் கால் மணி நேரம். அதற்கு ஈடாக, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்ற கணக்கு, எந்த நிறுவனத்தின் தயவும் இல்லாமல் நம் பெட்டியிலேயே இருக்கும். கடனுக்குச் சரக்கு கொடுத்து, வாங்கியவரின் சொல்லை நம்பித் தொழில் நடத்தும் நமக்கு அந்தக் கணக்கே பெரிய முதல். விண்டோஸோ லினக்ஸோ மேக்கோ, கையில் இருப்பதில் இன்றே தொடங்கலாம்.